பின்னால் நகரும் வரிசை

போன சனிக்கிழமை காலையில் பிளசன்டனில் ஒரு கிரகப்பிரவேசம். அன்றைக்கே சாயந்திரம் ஹேவர்டில் ஒரு சாவு.

இரண்டுக்கும் போனேன். நல்லவேளை, காலையில் நல்லதும் சாயந்திரம் கெட்டதுமாக அமைந்தது. மாறி அமைந்திருந்தால் ஜெயந்தி என்னைத் தன் புது வீட்டு வாசலில் கால் வைக்க விட்டிருக்க மாட்டாள். ஈரோட்டில் என்னோடு காலேஜில் படித்தவள். நாங்கள் இன்னும் மலைக்கு இந்தப் பக்கம், யூனியன் சிட்டியில், வாடகை அபார்ட்மென்ட்டில் இருக்கிறோம். அவள் ஸ்டாக் ஆப்ஷன் புண்ணியத்தில் மலையைத் தாண்டிப் போய் நான்கு பெட்ரூம் வீடு வாங்கிவிட்டாள்.

எலெக்ட்ரிக் அடுப்பு. பால் பொங்குவேனா என்று அடம் பிடித்தது. அது பொங்கி முடியும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிறகு பாயசக் கிண்ணத்தோடு ஜெயந்தியை ஓரமாக அழைத்துப் போய், மதியமே கிளம்ப வேண்டும் என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன்.

"இன்னைக்குப் பார்த்துத்தான் இதைச் சொல்லணுமா?" என்று முகம் சுளித்தாள். "யாரு, நம்மாளா?"

"இல்ல. பிலிப்பினோ. எங்க காம்ப்ளக்ஸ்ல இருந்த தாத்தா."

"சொந்தமும் இல்ல, ஆபீஸ்ல கூட வேலை பாத்தவரும் இல்ல. நீ எதுக்குடி அங்கெல்லாம் போற?"

நியாயமான கேள்விதான். ஆனால் கிரகப்பிரவேச வீட்டில் நின்றுகொண்டு பதில் சொல்லக்கூடிய கேள்வியா அது? பாயசம் பிரமாதம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் காம்ப்ளக்ஸில் பாதிப் பேர் நாம், மீதிப் பேர் பிலிப்பினோக்கள். ஒரே லாண்டரி ரூம், ஒரே பார்க்கிங். ஆனாலும் அவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பெண்கள் எல்லாரும் நர்ஸ். வீக்எண்ட் வந்தால் கரோக்கி. வருடம் முழுக்க ஒரு பெரிய அட்டைப் பெட்டியில் சோப்பு, சாக்லேட், துண்டு என்று சேர்த்துக் கப்பலில் ஊருக்கு அனுப்புவார்கள்... அவ்வளவுதான். அவர்களுக்கு நம்மைப் பற்றித் தெரிந்ததும் அவ்வளவுதான் இருக்கும். எல்லாரும் கம்ப்யூட்டர், எல்லா வீட்டிலும் தாளிக்கும் வாசனை.

கீழ் வீட்டு டெஸ் மட்டும் எனக்குப் பழக்கம். முதியோர் இல்லத்தில் நர்ஸ். நான் சைவம் என்று சொன்ன பிறகு எனக்காகத் தனியாக நூடுல்ஸ் செய்து கொண்டுவந்தாள். உள்ளே இறால் இருந்தது. கறி இல்லையே, இறால்தானே என்று உண்மையிலேயே ஆச்சரியப்பட்டாள். அவள் மூலமாகத்தான் மாங் பென் பழக்கம்.

பென் என்பது பெயர். மாங் என்பது வயதான ஆண்களுக்கு அவர்கள் கொடுக்கும் மரியாதை. எழுபத்தைந்து வயது தாண்டியவர். வெயிலடித்தாலும் சட்டையை இஸ்திரி போட்டு, டக் இன் செய்து, பழைய ராணுவத்துக்காரர்கள் போடும் தொப்பியோடு வாசல் பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பஸ்ஸில் ஏறிப் பார்த்ததில்லை. நான் ஆபீஸ் முடிந்து வந்து காரை நிறுத்தியதும் கேட்பார்:

"அனாக், சாப்டியா?"

பேச்செல்லாம் இங்கிலீஷில்தான். தமிழில் சொல்கிறேன். அனாக் என்றால் அவர்கள் பாஷையில் குழந்தை... மகன், மகள், யாரை வேண்டுமானாலும் அப்படிக் கூப்பிடலாமாம். இந்த ஊரில் எல்லாரும் "ஹவ் ஆர் யூ" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விடுவார்கள். சாப்பிட்டாயா என்று கேட்டு, சாப்பிட்டேன் என்று சொல்லும்வரை நின்ற ஒரே ஆள் அவர்தான். அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கொடியின் கீழ் ஜப்பான்காரர்களோடு சண்டை போட்டவர்களில் அவரும் ஒருவர். சண்டை முடிந்ததும் குடியுரிமை என்று சொன்னார்களாம். சண்டை முடிந்ததும் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் கழித்து, சரி, இந்தாருங்கள் என்று ஒரு சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். அதற்குள் வாலிபர்கள் எல்லாம் கிழவர்களாகியிருந்தார்கள். மனைவியை அடக்கம் செய்துவிட்டு, ஒரே மகளை ஊரில் விட்டுவிட்டு, மாங் பென் தனியாக விமானம் ஏறினார். அவரோடு அதே படையில் இருந்த ரூஃபோ என்பவரும் வந்தார். இரண்டு பேரும் மாடியில் ஒரு சிங்கிள் பெட்ரூமில், இரண்டு கட்டில் போட்டுக்கொண்டு இருந்தார்கள்.

இந்த வயதில் எதற்காக வந்தார்? ஒரே காரணம்தான். மகளை அழைத்துக்கொள்வது.

மகள் பெயர் லூர்தஸ். நம் ஊர் லூர்து மேரிதான், கொஞ்சம் இழுத்தால் லூர்தஸ். குடிமகன் ஆனதும் அவர் செய்த முதல் காரியம் அவளுக்காகப் பெட்டிஷன் போட்டது. போட்ட தேதிதான் வரிசையில் அவள் இடம். மாதாமாதம் அரசாங்கம் ஒரு தேதியை அறிவிக்கும். அந்தத் தேதிக்கு முன்னால் போட்டவர்கள் வரலாம், மற்றவர்கள் நிற்கவேண்டும். இந்தியாவுக்கு ஒரு தேதி, பிலிப்பைன்ஸுக்கு ஒரு தேதி. கிரீன் கார்டுக்கு நிற்கும் நம் ஆட்களுக்கு இது தலைகீழ்ப் பாடம். ஆபீஸ் இன்டர்நெட்டில் எங்கள் தேதியைப் பார்க்கும்போது அவருடையதையும் பார்த்துவந்து பஸ் ஸ்டாப்பில் சொல்லுவேன்.

சில மாதம் ஒரு வாரம் நகரும். சில மாதம் நகரவே நகராது. சில மாதம்... பின்னால் போகும். ரேஷன் கடை, சினிமா கொட்டகை, கோயில் என்று நான் நிற்காத வரிசை இல்லை. நின்ற இடத்திலிருந்து பின்னால் போகும் வரிசையை இங்கேதான் பார்த்தேன். எங்கள் தேதி பின்னால் போனால் நான் நாள் முழுக்க எரிந்து விழுவேன். மாங் பென் "சரி, அடுத்த மாசம்" என்று சொல்லி, தொப்பியைச் சரிசெய்துகொள்வார்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. கல்யாணமாகாத மகளுக்கு ஒரு வரிசை, கல்யாணமான மகளுக்கு வேறு வரிசை. அது இன்னும் மெதுவானது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். லூர்தஸுக்கு அப்போதே ஆள் இருந்தான், ஸ்கூல் வாத்தியார். பெயர் ரேய். அப்பா போனில் சொன்னார் — பொறு, இங்கே வந்து கிரீன் கார்டு வாங்கிவிட்டு ஊருக்குப் போய்க் கல்யாணம் பண்ணிக்கோ. மகள் பொறுத்தாள். ரேயும் பொறுத்தான். டெஸ்ஸிடம் கேட்டேன், இப்படியுமா என்று. எங்களில் வீட்டுக்கு ஒரு கதை இந்த மாதிரி இருக்கும் என்றாள்.

நாம் மட்டும் என்ன? விசா ஸ்டேட்டஸ் மாறிவிடும் என்று பயந்து கல்யாணத் தேதியை முன்னே பின்னே தள்ளாத சாஃப்ட்வேர் மாப்பிள்ளை யாராவது உண்டா? நாம் மாதக்கணக்கில் தள்ளுகிறோம். அவர்கள் வருடக்கணக்கில் தள்ளினார்கள்.

போன வருடம் ஒரு நாள் நான் தேதியைச் சொல்ல வாயெடுத்தபோது கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ரேய் கல்யாணம் பண்ணிக்கிட்டான்."

"லூர்தஸையா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"வேற பொண்ணை. அவன் மேல தப்பு இல்ல, அனாக். ஒருத்தன் எத்தனை வருஷம்தான் நிப்பான்?"

"லூர்தஸ் என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அப்பா, தேதி எங்க வந்திருக்குன்னு கேட்டா."

நான் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே பேசினார்.

"பொறு பொறுன்னு சொன்னவன் நான். இப்ப அவளுக்குன்னு இருக்கிறது அந்த வரிசை ஒண்ணுதான். அவ இங்க வந்து இறங்குறதை நான் பாத்துடணும். வேற எதுவும் வேண்டாம் எனக்கு."

பார்க்கவில்லை. போன மாதம் ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ரூஃபோ அங்கிள்தான் காபி கலந்து எடுத்துக்கொண்டு போய் எழுப்பிப் பார்த்திருக்கிறார்.

நாமெல்லாம் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று பறப்போம். அவர்கள் அப்படியில்லை. வெளியூர்ப் பிள்ளைகள் வந்து முகம் பார்க்கும்வரை எடுக்க மாட்டார்கள். மாங் பென்னை ஹேவர்டில் ஃப்யூனரல் ஹோமில் வைத்துவிட்டு, லூர்தஸுக்கு விசிட்டர் விசா கேட்டார்கள். சர்ச் ஃபாதர் எழுதிக் கொடுத்தார். டெஸ் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் பண்ணினாள். லூர்தஸும் அங்கே அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய் இன்டர்வியூவுக்கு நின்றாள்.

கொடுக்கவில்லை. இங்கே குடியேறுவதற்கென்று உன் பேரில் பெட்டிஷன் இருக்கிறது, உள்ளே விட்டால் நீ திரும்பிப் போகமாட்டாய் என்று சொல்லிவிட்டார்களாம். கூப்பிட்டதே அப்பாதான். அப்பா கூப்பிட்டார் என்பதால் அப்பாவைப் பார்க்க வரக்கூடாது. எனக்கு வந்த கோபத்துக்கு யாரைத் திட்டுவதென்று தெரியாமல், பாத்திரங்களை ஓசையோடு கழுவினேன்.

அன்றைக்கு டெஸ் என் வீட்டு வாசலில் நின்று கேட்டாள். "நீங்கதான் இந்த விஷயத்துல பாதி லாயர் ஆச்சே. அவர் போட்ட பெட்டிஷன் இனிமே என்ன ஆகும்?"

எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருக்கலாம். போட்டவர் இறந்தால் பெட்டிஷனும் இறந்துவிடும். கருணை அடிப்படையில் கேட்டுப் பார்க்கலாம், கொடுத்தால் உண்டு. லூர்தஸ் இத்தனை வருடம் நின்ற இடம், ஒரு மத்தியானத் தூக்கத்தில் இல்லாமல் போய்விட்டது. சொன்னேன்.

"லூர்தஸுக்கு இது தெரியாது," என்றாள் டெஸ். "யார் சொல்றது?"

இப்படியாகத்தான் நான் பிளசன்டனிலிருந்து வந்து, பட்டுப்புடவையைக் களைந்து, சாதாரண சல்வாரில் ஹேவர்டுக்குப் போனது. கணவர் Y2K வேலை என்று சனிக்கிழமையும் ஆபீஸில். தனியாகத்தான் ஓட்டிக்கொண்டு போனேன்.

மாங் பென்னுக்குக் கோட்டு போட்டிருந்தார்கள். தொப்பி கையருகில். ஜெபம் ஓடிக்கொண்டிருந்தது. முடிந்ததும் டெஸ்ஸின் கணவர் வீடியோ கேமராவை எடுத்தார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒவ்வொருவராக வந்து நின்று, லூர்தஸுக்கு ஏதாவது சொல்லவேண்டும். வரமுடியாதவர்களுக்காக இப்படி எடுத்து அனுப்புவது அவர்கள் வழக்கமாம். நம் ஊரிலும் போட்டோகிராபரைக் கூப்பிடுகிறோமே, அதே மாதிரிதான் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். என் முறை வந்தது.

முகம்கூடத் தெரியாத ஒரு பெண்ணிடம், அவள் அப்பாவின் உடம்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, என்ன சொல்வது?

"உங்க அப்பா தினமும் என்னைச் சாப்டியான்னு கேப்பார்," என்று சொன்னேன். அதற்கு மேல் வரவில்லை. அழுதுவிட்டேன். டெஸ் என்னை மெல்ல இழுத்து ஓரமாக நிறுத்தினாள். அழுகிற கண்ணீர் பெட்டிமேல் விழக்கூடாதாம், போகிறவருக்குக் கால் வராதாம்.

ரூஃபோ அங்கிள் மட்டும் கேமராவுக்கு முன்னால் வரவில்லை. பெட்டியின் தலைமாட்டில், ஜெபம் ஆரம்பித்ததிலிருந்து முடியும்வரை நிமிர்ந்து நின்றார். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை.

கிளம்பும்போது யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. நாமும் சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லமாட்டோமே... அது மட்டும் எனக்குச் சுலபமாக வந்தது. டெஸ் கணவரின் வேனில் இடமில்லை. டெஸ் என் காரில் முன்னால் ஏறினாள், ரூஃபோ அங்கிள் பின்னால். ரொம்ப தூரமில்லை, நேரே வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளிக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு காரைத் திருப்பினேன்.

"இந்தப் பக்கம் இல்ல," என்றாள் டெஸ். "டோனட் கடைக்குப் போங்க."

"பசிக்குதா?"

"இல்ல. சாவுக்குப் போயிட்டு நேரா வீட்டுக்குப் போகக்கூடாது. நடுவுல எங்கயாவது இறங்கிட்டுத்தான் போகணும். நேரா போனா அவங்க ஆவி நம்ம கூடவே வீட்டுக்கு வந்துடும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டெஸ், எங்கள்ல சாவுக்குப் போயிட்டு வழியில எங்கயும் இறங்கவே கூடாது. யார் வீட்டுக்கும் போகக்கூடாது, கடையில கால் வைக்கக்கூடாது. நேரா வீட்டுக்குப் போய்க் குளிக்கணும்."

"நேரா போனா கூடவே வருவாங்களே."

"குளிச்சா போயிடும்."

அவள் நம்பவில்லை. எனக்கும் டோனட்டில் நம்பிக்கை வரவில்லை. சிக்னலில் நின்றபோது இரண்டு பேருக்கும் லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குச் சிரித்தது அந்த ஒரு நிமிஷம்தான். சரி, அவர்கள் சாவு, அவர்கள் முறை என்று டோனட் கடைக்கே விட்டேன். வேன் ஏற்கெனவே வந்திருந்தது. கண்ணாடிக்கு உள்ளே கறுப்புச் சட்டை போட்டவர்கள் காபிக் கப்போடு நின்றுகொண்டிருந்தார்கள்.

டெஸ் இறங்கினாள். பின் கதவைத் திறந்தாள். ரூஃபோ அங்கிள் அசையவில்லை.

"நான் வரல. என்னை நேரா வீட்டுல விட்டுடச் சொல்லு."

"மாங் ரூஃபோ, ஒரு காபி மட்டும் குடிச்சிட்டு..."

"இன்னைக்கு சனிக்கிழமை," என்றார். "அங்க ஞாயிறு காலை. பூசை முடிஞ்சு லூர்தஸ் ஊர்ல ஒரு கடைவாசல்ல, போன் பக்கத்துல, பென் கூப்பிடுவான்னு வாராவாரம் உக்காந்திருப்பா. எத்தனை வருஷமா உக்காந்திருக்கா. இன்னைக்கு நான் டயல் பண்றேன்னு சொல்லியிருக்கேன்."

டெஸ் குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெட்டிஷன் போயிடுச்சுன்னு அவகிட்ட நான்தான் சொல்லியாகணும். வேற யார் சொல்லுவா? என்னால தனியாச் சொல்ல முடியாது." குரல் உடைந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "பென் கூட வரட்டும். நேரா போனாத்தானே வருவான். அவன் பக்கத்துல இருந்தா நான் சொல்லிடுவேன்."

டெஸ் கதவைச் சாத்திவிட்டுக் கடை வாசலிலேயே நின்றுகொண்டாள். நான் காரை எடுத்தேன்.

வழியில் கண்ணாடியில் பின்னால் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பயத்தால் அல்ல. அவர் தன் பக்கத்து சீட்டைக் காலியாக விட்டு, கதவோரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்ததை ஒருமுறை பார்த்துவிட்டேன். அதைத் திரும்பப் பார்த்தால் என்னால் ஓட்டியிருக்க முடியாது.

காம்ப்ளக்ஸில் நிறுத்தினேன். இறங்கியவர் கதவை உடனே சாத்தவில்லை. பிடித்துக்கொண்டு நின்றார். நான் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். பிறகு மெதுவாகச் சாத்திவிட்டு, கைப்பிடியைப் பிடித்து மாடிப்படி ஏறினார். மேல் படியில் பூட்டைத் திறந்து, லைட்டைப் போட்டு, கதவை அகலமாகத் தள்ளிவிட்டு ஒதுங்கி நின்றார். வேறொருவர் முதலில் உள்ளே போகட்டும் என்று நிற்பதுபோல.

இந்த ஒரு தடவை மாங் பென்னை யாரும் வரிசையில் நிற்கச் சொல்லவில்லை.